அறுபதாயிரம் யூனிட்டும் ஐந்து கிலோ அரிசியும்

காசநோய் என்று உறுதியானதும் வீட்டார் மருத்துவரிடம் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். எத்தனை மாதம் மாத்திரை? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதே, ஒட்டிக்கொள்ளுமா? சாப்பாட்டில் என்ன சேர்க்கலாம்? கடந்த சில ஆண்டுகளாக இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: வைட்டமின் டி கொடுத்தால் எதிர்ப்பு சக்தி ஏறி, நோய் சீக்கிரம் குணமாகுமா?

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது தென்சென்னையில் வசிப்பவர்களுக்குத் தெரியும். மயிலாப்பூரிலும் அடையாறிலும் தெருவுக்குத் தெரு ரத்தப் பரிசோதனை நிலையங்கள். அவற்றின் 'மாஸ்டர் செக்கப்' பட்டியலில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு ஆகியவற்றோடு வைட்டமின் டி-யும் இடம்பிடித்துவிட்டது. அறிக்கை வந்தால் பாதிப் பேருக்கு அந்த எண்ணின் பக்கத்தில் 'குறைவு' என்று அச்சாகியிருக்கும். மருந்துக்கடையில் 60,000 யூனிட் பொட்டலம் கிடைக்கிறது. வாரத்துக்கு ஒன்று, பாலில் கரைத்து, எட்டு வாரம். மூட்டுவலிக்கும் அசதிக்கும் முடி கொட்டுவதற்கும் கேட்டு வாங்கும் அந்தப் பொட்டலம், வீட்டில் ஒருவருக்கு டி.பி. என்றதும் நினைவுக்கு வருவது இயல்புதான்.

கேள்வி அர்த்தமற்றதல்ல. அதற்கு நூற்றெழுபது ஆண்டு மருத்துவ வரலாறு உண்டு, ஆய்வுக்கூடத்தில் வலுவான ஆதாரமும் உண்டு. அதற்கான விடையில் ஒரு பெரும் பங்கு தமிழ்நாட்டிலிருந்தே கிடைத்திருக்கிறது. அந்த விடை இங்குள்ள குடும்பங்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் கவலை.

முதலில் வெயிலைப் பற்றி. சென்னை 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்டிலுமாக ஆண்டுக்கு இருமுறை நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும் ஊர். இங்கே வைட்டமின் டி குறைவது எப்படி? சென்னையில் பல ஆண்டுகளாக நடந்துவரும் நகர்ப்புற நீரிழிவு ஆய்வில் சேர்ந்தவர்களைச் சோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 20 நானோகிராமுக்கும் குறைவாகவே இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைவு அதிகம்.

காரணம் நேரத்திலும் உடையிலும் இருப்பிடத்திலும் இருக்கிறது. தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளை வைட்டமின் டி-யாக மாற்றுவது புற ஊதா பி கதிர். அலைநீளம் 290 முதல் 315 நானோமீட்டர். சூரியன் தாழ்வாக இருக்கும்போது இந்தக் கதிர் காற்றுமண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வருவதற்குள் ஓசோன் படலத்திலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நம்மைப் போலவே 13 டிகிரியில் உள்ள திருப்பதியில் ஹரிநாராயண் குழுவினர் ஆராய்ந்து, காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலில்தான் இந்த மாற்றம் நன்றாக நடக்கிறது என்று காட்டினார்கள். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் காலை ஆறு மணிக்கு நடப்பவர்களுக்கு இதயத்துக்கும் காலுக்கும் நல்லது கிடைக்கிறது. வைட்டமின் டி அநேகமாகக் கிடைப்பதில்லை. நிழல் நம் உயரத்தைவிட நீளமாக விழும் நேரத்தில் தோல் அதிகம் தயாரிக்காது என்பது எளிய கணக்கு. கறுத்த தோலுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிரே இருப்பதில்லை.

தி.நகர் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் துணிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடைகளில் வேலை செய்யும் இளைஞர்களையும் பெண்களையும் எண்ணிப் பார்க்கலாம். வெயில் ஏறும் முன் கடைக்குள் போகிறார்கள், இருட்டிய பின் வெளியே வருகிறார்கள். பகல் முழுவதும் குழல்விளக்கு வெளிச்சத்தில், நின்றபடி. (உட்கார இருக்கை தர வேண்டும் என்பதே 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த பிறகுதான் தமிழகக் கடை முதலாளிகளின் கடமையானது.) வேலை முடிந்ததும் பலர் ஒன்றாகத் தங்கும் அறைகளுக்குத் திரும்புகிறார்கள். வெயில் குறைவு, காற்றோட்டம் குறைவு, நெருக்கம் அதிகம், சாப்பாடு நேரம் தவறியது. காசநோய்க்கும் வைட்டமின் டி குறைவுக்கும் பொதுவான நிலம் இது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை வைத்து ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இந்த எச்சரிக்கை பிற்பாடு நமக்குத் தேவைப்படும்.

வரலாற்றில் இந்த இரண்டையும் முதலில் இணைத்தது மீன் எண்ணெய். 1840-களின் இறுதியில் லண்டனின் பிராம்ப்டன் மருத்துவமனையில் வில்லியம்ஸ் என்ற மருத்துவர் காசநோயாளிகளுக்கு காட் மீனின் ஈரல் எண்ணெயைக் கொடுத்து, பெரும்பாலோர் தேறினார்கள் என்று எழுதினார். வைட்டமின் என்ற கருத்தே அப்போது பிறக்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து டென்மார்க்கின் ஃபின்சன், தோலில் வரும் காசநோயை ஒளிக்கதிரால் குணப்படுத்தி 1903-இல் நோபல் பரிசு பெற்றார். 1940-களில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் அதே தோல் காசநோய்க்குக் கால்சிஃபெரால் என்ற வைட்டமின் டி-யை மிக அதிக அளவில் கொடுத்துப் பலன் கண்டார்கள். இடைப்பட்ட காலம் முழுவதும் சானடோரியங்களின் காலம்: மலைக்காற்று, திறந்த ஜன்னல், வெயிலில் படுக்கை, நிறைந்த உணவு.

அந்தக் காலத்தின் இரண்டு தமிழர்களை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். ஒருவர் டாக்டர் சௌரிமுத்து. இங்கிலாந்தின் மெண்டிப் மலையடிவாரத்தில் காசநோயாளிகளுக்கான சானடோரியத்தை நடத்தியவர். மற்றவர் கணிதமேதை ராமானுஜன். 1914-இல் 'நெவாசா' கப்பலில் இங்கிலாந்து போனபோது ராமானுஜனுக்கு அறிமுகமான சௌரிமுத்துவிடமே, 1917-இல் நோயாளியாகப் போய்ச் சேரவேண்டியதாயிற்று. சைவ உணவு, போர்க்காலத் தட்டுப்பாடு, இங்கிலாந்தின் மங்கிய வானம், கேம்பிரிட்ஜ் அறைக்குள் இரவு பகல் பாராத வேலை. அவருக்குக் காசநோய் என்றே அன்றைய மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். 1919-இல் சென்னை திரும்பி, மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் சில காலம் இருந்து, பிறகு ஊர் ஊராக மாறி, 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32. அவருக்கு இருந்தது ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-இல் யங் என்ற ஆய்வாளர் பழைய குறிப்புகளை அலசி வாதிட்டார்; அந்த விவாதத்தை இங்கே விட்டுவிடலாம். ஆனால் குளிர்நாட்டில் வாழும் சைவ உணவு இந்தியர் என்ற படிமம் எண்பது ஆண்டு கழித்து ஆய்வில் திரும்பி வந்தது. 2000-இல் வில்கின்சன் குழுவினர், மேற்கு லண்டனில் வாழும் குஜராத்திகளிடம் வைட்டமின் டி குறைவுக்கும் காசநோய்க்கும் தெளிவான தொடர்பு இருப்பதை 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். ரத்தத்தில் அளக்கவே முடியாத அளவுக்குக் குறைந்தவர்களிடம் அந்தத் தொடர்பு இன்னும் கூர்மையாக இருந்தது.

சௌரிமுத்து ஊர் திரும்பி 1928-இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. ரயில் நிலையத்தின் பெயரில் இன்றும் அது இருக்கிறது. காற்றும் வெயிலும் உணவும் ஓய்வும்தான் மருந்து என்ற நம்பிக்கையின் தமிழகக் கோட்டை அது. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்ததும் இதே நகரம்தான்.

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையத்தை நிறுவின. இன்று அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த முதல் ஆய்வே உலகை மாற்றியது. நகரின் ஏழை நோயாளிகள் 193 பேர். குலுக்கல் முறையில் ஒரு பாதி தாம்பரம் சானடோரியத்துக்கு, மறு பாதி தங்கள் குடிசைகளிலேயே. இரு சாராருக்கும் ஒரே மாத்திரைகள், ஐசோனியசிடும் பி.ஏ.எஸ்-ஸும், ஓராண்டுக்கு. 1959-இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும், வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் கிருமி அடங்கியிருந்தது. உடன் வசித்தவர்களுக்கு வீட்டுச் சிகிச்சையால் கூடுதல் தொற்றும் ஏற்படவில்லை என்று பிந்தைய ஆண்டுகளின் கண்காணிப்பு காட்டியது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு முக்கியக் காரணம்.

உணவையும் தனியாக ஆராய்ந்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்குப் பாலும் முட்டையும் இறைச்சியும் கூடிய உணவு. எடையும் அவர்களுக்கே அதிகம் ஏறியது. வீட்டில் இருந்தவர்களின் தட்டில் பெரும்பாலும் சோறுதான். ஆனாலும் கிருமி அடங்குவதில் பெரிய வேறுபாடு இல்லை. 1961-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் முடிவு: தகுந்த மருந்து ஒழுங்காகப் போனால், உணவு வேறுபாடு நோய் அடங்குவதைத் தடுப்பதில்லை.

எனக்கு இந்த ஆய்வின் மீது பெரும் மரியாதை உண்டு. ஏழைக்குச் சானடோரியம் கிடைக்காவிட்டாலும் உயிர் பிழைக்க வழி உண்டு என்று நிரூபித்த ஆய்வு அது. ஆனால் அதைத் தப்பாகப் புரிந்துகொண்ட தலைமுறைகளும் உண்டு. 'காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை' என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிடுபவரின் சளியில் கிருமி மறைவதைப் பற்றி மட்டுமே சொன்னது. யாருக்கு நோய் வருகிறது, யார் முதல் இரண்டு மாதத்துக்குள் இறக்கிறார் என்ற கேள்விகள் அதன் எல்லைக்கு வெளியே இருந்தன. அந்த இடைவெளியை நிரப்ப அறுபது ஆண்டுக்கு மேல் ஆனது.

இனி செல்லுக்குள் போகலாம். வைட்டமின் டி மீது விஞ்ஞானிகள் ஏன் இத்தனை நம்பிக்கை வைத்தார்கள் என்பது அங்கேதான் புரியும்.

மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் காசநோய்க் கிருமியை முதலில் விழுங்குவது மேக்ரோபேஜ் என்ற காவல் செல். விழுங்கியதைச் செரிக்க அமிலமும் நொதியும் நிறைந்த பைகள் அதனுள் உண்டு. காசநோய்க் கிருமியின் சாமர்த்தியம், தான் அடைபட்டிருக்கும் பை அந்த அமிலப் பையோடு இணையவிடாமல் தடுத்து, காவலாளியின் வயிற்றுக்குள்ளேயே குடியிருப்பது. 1986-87-இல் லண்டனில் ரூக்கும், அமெரிக்காவின் டென்வரில் கிரௌலும், சோதனைக் குடுவையில் இந்தச் செல்களோடு செயல்நிலை வைட்டமின் டி-யைச் சேர்த்தால் உள்ளேயிருக்கும் கிருமி பெருகுவது மட்டுப்படுகிறது என்று காட்டினார்கள். எப்படி என்பது 2006-இல் தெளிவானது. லாஸ் ஏஞ்சல்ஸில் மாட்லின் குழுவினர் 'சயின்ஸ்' இதழில் எழுதியதன் சாரம் இது: மேக்ரோபேஜின் மேற்பரப்பில் உள்ள உணர்வான் கிருமியை அடையாளம் கண்டதும், அந்தச் செல் இரண்டு காரியம் செய்கிறது. வைட்டமின் டி-யைப் பிடிக்கும் ஏற்பியைக் கூட்டுகிறது. ரத்தத்தில் சும்மா சுற்றும் வைட்டமின் டி-யைச் செயல்நிலைக்கு மாற்றும் நொதியையும் உருவாக்குகிறது. வழக்கமாகச் சிறுநீரகம் செய்யும் வேலையை அந்தச் செல் தனக்குத்தானே செய்துகொள்கிறது. அப்படிக் கிடைத்த செயல்நிலை வைட்டமின், கேதலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைத் தயாரிக்கக் கட்டளையிடுகிறது. வைட்டமின் டி குறைந்தவர்களின் ரத்த நீரில் வளர்த்த செல்களால் அந்தப் புரதத்தைப் போதிய அளவு தயாரிக்க முடியவில்லை. வைட்டமினைச் சேர்த்ததும் முடிந்தது.

படிக்கும் எவருக்கும் மனம் எழும். வெயிலில் படுத்த சானடோரியம் நோயாளிகளும் மீன் எண்ணெய் குடித்தவர்களும் ஏன் தேறினார்கள் என்பதற்கு மூலக்கூறு மொழியில் கிடைத்த விளக்கம் இது.

சேத்துப்பட்டு ஆய்வுக்கூடத்திலும் இதே பாதையில் வேலை நடந்தது. செல்வராஜ் தலைமையிலான நோய் எதிர்ப்பியல் பிரிவினர், தென்னிந்தியக் காசநோயாளிகளிடமும் ஆரோக்கியமானவர்களிடமும் வைட்டமின் டி ஏற்பி மரபணுவின் மாறுபாடுகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த செல்களோடு வைட்டமின் டி-யைச் சேர்த்து என்ன நடக்கிறது என்றும் பார்த்தார்கள். அவர்கள் கண்டது பரவலான நம்பிக்கையைவிடச் சிக்கலானது. மேக்ரோபேஜின் விழுங்கும் ஆற்றலை வைட்டமின் டி கூட்டக்கூடியது. அதே வைட்டமின், T செல்கள் எனப்படும் எதிர்ப்பு செல்கள் பெருகுவதையும், கிருமிக்கு எதிராக அவை சுரக்கும் காமா இன்டர்ஃபெரானையும் குறைக்கிறது. 2009-இல் இன்னொரு முடிவு வந்தது: நோயாளிகளின் ரத்தத்தில் செயல்நிலை வைட்டமின் டி குறைவாக இல்லை, ஆரோக்கியமானவர்களைவிட அதிகமாகவே இருந்தது, ஆனால் அதைப் பிடிக்கும் ஏற்பியின் அளவு குறைந்திருந்தது. பூட்டு பழுதாக இருக்கும்போது சாவியைக் கூட்டிக்கொண்டே போவதில் என்ன பயன் என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

ஆக, 'எதிர்ப்பு சக்தியை ஏற்றும் வைட்டமின்' என்ற பேச்சு பாதிதான் சரி. ஒருபக்கம் கிருமியைக் கொல்லும் கருவியைத் தீட்டுகிறது, மறுபக்கம் அழற்சி என்ற தீயை அணைக்கிறது. காசநோயில் நுரையீரல் சிதைவதற்குக் கிருமியின் பங்கைப் போலவே நம் எதிர்ப்பின் மிகைக்கும் பங்கு உண்டு. குழிகள் விழுவது அதனால்தான். அணைக்கும் வேலை நல்லதாகவும் இருக்கலாம், நேரம் தவறினால் கெடுதலாகவும் ஆகலாம்.

இதற்கெல்லாம் விடை மனிதர்களிடம் சோதித்தால்தான் கிடைக்கும். சோதித்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவில் 2009-இல் வெளியான சோதனையில் 365 நோயாளிகள்; மாத்திரையோடு வைட்டமின் டி கொடுத்தும் இறப்பு குறையவில்லை. லண்டனில் மார்டினோ குழுவினர் 146 பேரிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட சோதனை இன்னும் கவனமானது. ஒரு லட்சம் யூனிட் வீதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நான்கு தவணை. சளியில் கிருமி வளர்வது நின்ற இடைநிலைக் காலம் வைட்டமின் பெற்றவர்களுக்கு 36 நாள், வெற்று மருந்து பெற்றவர்களுக்கு 43.5 நாள். ஏழரை நாள் வித்தியாசம் கண்ணை ஈர்க்கிறது. ஆனால் அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றே கணக்கு சொன்னது. ஏற்பி மரபணுவில் ஒரு குறிப்பிட்ட வகை கொண்டவர்களுக்கு மட்டும் பலன் பெரிதாகத் தெரிந்தது. அந்த வகையினர் மிகச் சிலரே. பலனின் மதிப்பீடும் 1.36 மடங்கிலிருந்து 48 மடங்கு வரை அகலமாகப் பரந்திருந்தது.

'சளியில் கிருமி வளர்வது நிற்கும் காலம்' என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், பல சோதனைகள் இதைத்தான் அளந்தன. கல்ச்சர் என்று சொல்லப்படும் இந்தப் பரிசோதனைக்கு ஆய்வுக்கூடங்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் ஊடகம், கோழி முட்டையை அடித்து உப்புகளும் பச்சைச் சாயமும் சேர்த்துச் சிறு குப்பிகளில் சாய்வாக வைத்து உறைய வைத்தது. நோயாளியின் சளியைச் சுத்திகரித்து அதன்மேல் தடவி, 37 டிகிரியில் வைப்பார்கள். கிருமி உயிரோடு இருந்தால், சில வாரங்கள் கழித்து வெளிர் பச்சைப் பரப்பில் சொரசொரப்பான, ரொட்டித் தூள் போன்ற மங்கிய மஞ்சள் திட்டுகள் தோன்றும். எட்டு வாரம் வரை ஒன்றும் முளைக்காவிட்டால்தான் 'நெகட்டிவ்'. முதல்முறை நெகட்டிவ் ஆக எத்தனை நாள் சிகிச்சை தேவைப்பட்டது என்பதே அளவுகோல்.

அந்த அளவுகோலை வைத்து நம் மண்ணிலேயே நடந்த சோதனைதான் எனக்கு முக்கியமானது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை மையமாகக் கொண்டு இந்தியாவின் 13 இடங்களில், 2010 ஜனவரி முதல் 2011 ஆகஸ்ட் வரை, எச்.ஐ.வி. இல்லாத, சளியில் கிருமி உறுதியான 247 நோயாளிகளைச் சேர்த்தார்கள். லண்டனில் கொடுத்த அதே அளவு, அதே நான்கு தவணை. யாருக்கு வைட்டமின், யாருக்கு வெற்று மருந்து என்பது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. 2015-இல் 'லான்செட் தொற்றுநோய்கள்' இதழில் முடிவு வந்தது. வைட்டமின் பெற்றவர்களுக்கு 43 நாள். பெறாதவர்களுக்கு 42 நாள்.

ஒரே ஒரு நாள் வித்தியாசம், அதுவும் எதிர்த்திசையில். இந்தியரின் தோல், இந்திய உணவு, இந்தியக் கிருமி, நம் அரசு தரும் அதே மாத்திரைகள். 'மேலை நாட்டு ஆய்வு நமக்குப் பொருந்தாது' என்று ஒதுக்க இங்கே இடமில்லை.

மாறான குரலையும் சொல்லிவிட வேண்டும். கராச்சியில் 259 பேருக்கு ஆறு லட்சம் யூனிட் ஊசி இருமுறை போட்ட சோதனையில், எடை சற்றுக் கூடுதலாக ஏறியது, எக்ஸ்ரே படமும் கூடுதலாகத் தெளிந்தது. ஆனால் எட்டுச் சோதனைகளின் 1,850 நோயாளிகளுடைய தரவுகளை ஒவ்வொருவராக ஒன்றுதிரட்டி 2019-இல் ஆராய்ந்தபோது, மொத்தத்தில் கல்ச்சர் நெகட்டிவ் ஆகும் காலம் குறையவில்லை. பல மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாளிகளிடம் மட்டும் பலன் தெரிந்தது. அவர்கள் எண்ணிக்கையில் மிகச் சிலர்.

'ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்குக் கொடுத்தால் தாமதம்தான், வருமுன் கொடுத்தால்?' என்று கேட்கலாம். மங்கோலியாவில் அதையும் செய்துவிட்டார்கள். 8,851 பள்ளிக் குழந்தைகள், கிட்டத்தட்ட எல்லோருக்குமே வைட்டமின் டி குறைவு. மூன்றாண்டு, வாரம் 14,000 யூனிட். கொடுத்தவர்களின் ரத்த அளவு 31 நானோகிராமுக்கு ஏறியது, கொடுக்காதவர்களுக்கு 10.7-இலேயே நின்றது. தொற்று? கொடுத்தவர்களில் 3.6 சதவீதம், கொடுக்காதவர்களில் 3.3 சதவீதம். 2020-இல் வெளிவந்த இந்த ஆய்வுக்குப் பிறகு, தடுப்பு மருந்தாக வைட்டமின் டி என்ற வாதத்துக்கு அதிக வலு இல்லை.

குடுவையில் அத்தனை அழகாக வேலை செய்தது உடலில் ஏன் செய்யவில்லை? சில காரணங்களை ஊகிக்க முடிகிறது. காசநோய் வந்தவர் வெளியே நடமாடுவது குறைகிறது, சாப்பாடு குறைகிறது, அழற்சியே ரத்தத்தில் வைட்டமின் டி அளவை இறக்குகிறது. எனவே பல நோயாளிகளிடம் அந்தக் குறைவு நோயின் விளைவாக இருக்கலாம். விளைவைச் சரிசெய்தால் காரணம் சரியாகாது. சிகிச்சையின் தூணான ரிஃபாம்பிசின், ஈரலின் நொதிகளைத் தூண்டி வைட்டமின் டி-யை வேகமாகச் சிதைக்கவும் செய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புடால் நான்கும் சேர்ந்து கிருமியைக் கொல்லும் வேகத்துக்கு முன்னால், உடலின் சொந்தப் புரதம் கூடுதலாகச் செய்ய மிச்சம் அதிகமில்லை. 1959-இல் சேத்துப்பட்டு சொன்னதன் எதிரொலி இதில் கேட்கிறது.

ஓர் ஆபத்தும் உண்டு. காசநோயில் நுரையீரலில் உருவாகும் முடிச்சுகளே செயல்நிலை வைட்டமின் டி-யைக் கட்டுப்பாடின்றித் தயாரிக்கக்கூடும். அப்போது ரத்தத்தில் கால்சியம் ஏறும்: குமட்டல், மலச்சிக்கல், தாகம், குழப்பம். டி.பி. மாத்திரையின் தொந்தரவு என்று நினைத்துவிடக்கூடிய அறிகுறிகள். அந்த நிலையில் இருப்பவருக்கு மருத்துவரைக் கேட்காமல் வாராவாரம் அறுபதாயிரம் யூனிட் கொடுப்பது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல்.

அப்படியானால் ஊட்டத்துக்கும் காசநோய்க்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. நாம் தேடியதைவிடப் பெரிய சம்பந்தம். 2023-இல் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வு ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில், சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பங்கேற்போடு நடந்தது. 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வசிக்கும் 10,345 பேர். நோயாளிகளில் ஐந்தில் நால்வருக்கு மேல் ஊட்டக்குறைவு இருந்தது. எல்லா நோயாளிகளுக்கும் ஆறு மாதம் மாதாமாதம் பத்துக் கிலோ உணவுப் பை கிடைத்தது. வீட்டாரில் ஒரு பாதியினருக்கு, வயது வந்த ஒவ்வொருவருக்கும் மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும், கூடவே சத்து மாத்திரையும். அரிசி பருப்பு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமி உறுதியாகும் வகை 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை ஐந்து சதவீதம் ஏறியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவு.

தனியொரு வைட்டமினைப் பிரித்தெடுத்துப் பெரிய அளவில் கொடுத்த சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுங்கையோடு திரும்பிய காலத்தில், ஒரு பை அரிசியும் பருப்பும் இதைச் செய்தது. அந்தப் பையில் சத்து மாத்திரையும் இருந்தது உண்மை, ஒரு நாளைக்குத் தேவையான வழக்கமான அளவில். பசித்த உடம்புக்குக் கலோரியும் புரதமும் இல்லாமல் நுண்சத்தை மட்டும் ஊற்றினால் எதிர்ப்பு செல்கள் எதை வைத்துப் பெருகும்?

தமிழ்நாடு இந்தப் பாடத்தை ஓரளவு எடுத்துக்கொண்டிருக்கிறது. 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', நோய் கண்டறிந்த உடனே ஐந்தைப் பார்க்கச் சொல்கிறது: உயரத்துக்கு ஏற்ற எடை, காலில் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது. மிக மெலிந்தவர்களையும் மூச்சுத் திணறுபவர்களையும் எழுந்து நிற்க முடியாதவர்களையும் உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். எடை பார்க்கும் கருவி, உயரம் அளக்கும் பட்டை, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் போதும். ரத்தப் பரிசோதனை எதுவும் வேண்டாம். மத்திய அரசு நோயாளிக்குத் தரும் மாத உதவித்தொகை 2018-இல் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பரில் 1,000 ஆனது. ஒரு குடும்பத்துக்கு அது போதாது. ரேஷன்ஸ் ஆய்வு காட்டியது நோயாளியின் தட்டை மட்டுமல்ல, அவரோடு உண்பவர்களின் தட்டையும். அந்த உதவித்தொகை நோயாளியின் பெயருக்கு மட்டும் வருகிறது. மாற வேண்டிய முதல் விஷயம் இதுதான் என்பேன்.

வீட்டார் கேட்கும் கேள்விக்கு என் பதில் நேரானது. எலும்பு வலியோ தசைத் தளர்ச்சியோ இருந்து, மருத்துவர் பார்த்துக் குறைவு என்றால், வைட்டமின் டி-யை எலும்புக்காக வழக்கமான அளவில் எடுத்துக்கொள்ளலாம். காசநோய் சீக்கிரம் குணமாகும் என்று எண்ணி வாங்க வேண்டாம். பரிசோதனைக்கும் பொட்டலத்துக்கும் ஒதுக்கும் பணம் நோயாளிக்கு முட்டையாகவும் பாலாகவும் நிலக்கடலையாகவும், வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பருப்பாகவும் மாறட்டும். மாதம் ஒருமுறை எடை பாருங்கள், இரண்டாம் மாதம் ஏறவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை ஒரு நாளும் விடக்கூடாது.

ஆய்வாளர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது. லண்டன் சோதனையில் பங்கேற்ற 95 பேரின் ரத்தத்தை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட கட்டுரை, வைட்டமின் டி பெற்றவர்களுக்கு அழற்சியின் அடையாளங்கள் வேகமாக அடங்கியதைக் காட்டியது. சேத்துப்பட்டு ஆய்வுக்கூடம் கண்ட அணைக்கும் குணத்தோடு இது பொருந்துகிறது. அணைக்கும் குணம் கொண்ட பொருளைக் கொடுத்துவிட்டு, கிருமி எத்தனை நாளில் செத்தது என்று மட்டும் அளந்தது அளவுகோலின் போதாமை. ஆறு மாத மருந்து முடிந்து 'குணமாகிவிட்டது' என்று அனுப்பப்படுபவர்களில் பலருக்கு நுரையீரலில் தழும்பு மிஞ்சுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மூட்டை தூக்கும் வேலைக்குத் திரும்ப முடிவதில்லை. நன்றாக உண்ணும் நோயாளிகளிடம், வழக்கமான அளவு வைட்டமின் டி அந்தத் தழும்பைக் குறைக்கிறதா என்பதை ஊதிப் பார்க்கும் மூச்சளவுக் கருவியும் ஆறு நிமிட நடைச் சோதனையும் கொண்டு ஓராண்டு, ஈராண்டு பின்தொடர்ந்து பார்க்கலாம். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயில் தெரிந்த அந்தச் சிறு பலனையும் போதிய எண்ணிக்கையில் சோதிக்கலாம். 1956 முதல் நோயாளிகளை வீடு தேடிப் போய் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பழகிய ஒரு நிறுவனம் சேத்துப்பட்டில் இருக்கிறது.